முக்கால் நொடி

அக்கா வேலை கேட்டு வந்த அன்று நான் முதலில் செய்தது பீற்றிக்கொண்டதுதான். ராஜபாளையத்து மில்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன மின்னணுக் கருவிகள் செய்து கொடுப்பது என் தொழில். பெயர்ப்பலகையில் கம்பெனி என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே போனால் நானும் மூன்று தொழிலாளிகளும், மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு பழைய ஆசிலோஸ்கோப்பும்தான். நூல் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று சிவப்பு எண்களில் காட்டும் ஒரு கவுண்டரை அப்போதுதான் செய்து முடித்திருந்தேன். அதை ஓடவிட்டு, "பார்த்தீங்களா, ஒரு மீட்டர்கூட முன்னப்பின்ன வராது" என்றேன்.

அவர் கவுண்டரைப் பார்த்தார். சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தார். எழுந்துபோய் அதைப் பிடுங்கினார். வாய்க்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி சொருகினார். கவுண்டர் பூஜ்யத்தில் வந்து நின்றது.

"இம்புட்டு நேரம் ஓடுன நூலு எங்க போச்சு?" என்று கேட்டார்.

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. வேலை கேட்டு வந்தவர் செய்கிற காரியமா இது! ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்டு போகும் ஊரில் இருந்துகொண்டு, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் உறுத்தியது. திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னேன். அவர் பாலிடெக்னிக்கில் படித்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். சம்பளம் கொடுக்கிறவன் நான்தான் என்றாலும், ஒரு வாரத்துக்குள் அவர் எனக்கு அக்காவாகவும் நான் அவருக்குத் தம்பியாகவும் ஆகிவிட்டோம். கொஞ்சம் பயம்கூட எனக்கு இருந்தது.

அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சரி, கரண்டு போயிட்டு வந்தா?" போனால் என்ன ஆகும் என்பது அல்ல. போனால் எல்லாம்தான் நின்றுபோகும். திரும்பி வரும்போது அது எப்படி எழுந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு பொருளை மதிப்பார். எந்தக் கருவி வந்தாலும் விளக்கப் புத்தகத்தை அவர் தொடுவதற்கு முன்னால் கை பிளக்கிடம் போய்விடும். கட்டட உரிமையாளரான ராஜு வீட்டம்மா மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம், "ஏம்மா, மள்ளி தீசேசாவா?" என்று தெலுங்கில் கேட்பார். மறுபடியும் பிடுங்கிவிட்டாயா என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் அவருக்குக் கரண்டு அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார்.

கருவிகளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது மாப்பிள்ளையிடம், "இப்ப இருக்கிற வேலை போயிருச்சுன்னு வைங்க. மறுநா காலையில எந்திரிச்சு என்ன செய்வீக?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டாராம். அந்தப் பையன் மட்டும் யோசித்துவிட்டு, "மாமா கடையில போயி உக்காருவேன், அதுவும் இல்லன்னா டைப்பு அடிக்கத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா அப்போதே உள்ளே போய்ச் சரி என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் அவரிடம் யாரும் பேசவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு அவர்களுடையது. ஒரு வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். தேர் அசைந்து வருவதை நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என் முழங்கையைத் தட்டி, "ஓடும்போது என்னத்தப் பாக்குறீக? முக்குல நிக்கும் பாருங்க. நின்னுட்டு மறுபடி கெளம்பும்ல, அதப் பாருங்க. அம்புட்டுச் சனத்தோட பாடும் அங்கதான் இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்களையும், வடத்தை இழுக்க ஒரே நேரத்தில் மூச்சுப் பிடிக்கிறவர்களையும் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

அந்தப் பெரிய வேலை வந்தது இதற்கெல்லாம் பிறகு, தொண்ணூறுகளின் நடுவில். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அதன் தலைமை சிஸ்டர் ஒரு நாள் வந்தார். வெளிநாட்டில் ஒரு கருவி இருக்கிறதாம். பிள்ளை மைக்கில் குரல் கொடுத்தால் அந்தக் குரல் டி.வி.யில் வெளிச்சமாகத் தெரியுமாம். தன் குரலைக் கேட்க முடியாத பிள்ளை அதைக் கண்ணால் பார்த்துப் பேசப் பழகலாமாம். "உங்களால செய்ய முடியுமா?" என்று கேட்டார். எப்படிச் செய்வது என்று யோசிப்பதற்கு முன்பே முடியும் என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

சத்தத்தை வாங்கிக் கணக்குப் போட்டுப் படமாக மாற்றுகிற போர்டுகள் அப்போது விற்பனைக்கு வரத் தொடங்கியிருந்தன. கையகலப் பச்சை அட்டையில் சிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நமக்கு வேண்டிய புரோகிராமை எழுதி அதில் ஏற்றிக்கொள்ளலாம். நன்கொடை கொடுத்தவர் ஒரு போர்டுக்குத்தான் கொடுத்திருந்தார். தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்னொன்று வாங்குகிற பேச்சே கிடையாது.

பெங்களூரிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி பெட்டியோடு வந்தார். அவர் கொண்டுவந்த போர்டைக் கம்ப்யூட்டருக்குள் சொருக வேண்டும். மைக்கில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய விரலை எடுப்பதற்குள் திரையில் கோடு துள்ளியது. எனக்கு அப்போதே அதன் மேல் ஆசை வந்துவிட்டது. அக்கா போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். அந்த மனுஷன் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

கரண்டைக் கொடுத்ததும் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. அவர் பிளாப்பியைப் போட்டு, எதையோ அடித்து, தப்பாகி, மறுபடி அடித்து, போர்டுக்குள் புரோகிராமை ஏற்றிக் கோட்டைத் துள்ள வைக்க ஏழு நிமிஷம் ஆனது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு யூ.பி.எஸ். வாங்கி வெச்சுட்டா இந்தப் பிரச்சினையே வராது மேடம்."

"யூ.பி.எஸ். பேட்டரி செத்துப் போச்சுன்னா?"

பிரதிநிதி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு நான் வாதாடினேன். "வேகத்தப் பாத்தீங்கள்லக்கா? இதுக்கு மேல என்ன வேணும்?"

"பிரீயடே நாப்பது நிமிசம் தம்பி. அதுல ஒரு தடவை கரண்டு போனாப் போதும். சிஸ்டர் பாடம் நடத்துவாகளா, பிளாப்பி போடுவாகளா? பிள்ளைக உக்காந்து எருமை மேய்க்கவா?"

அவர் தேர்ந்தெடுத்தது வேறொரு போர்டு. சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. விலையும் குறைவு. புரோகிராமை அதன் சிப்பிலேயே ஒரு தடவை பதித்துவிட்டால் போதும். கம்ப்யூட்டரே வேண்டாம். கரண்டு வந்ததும் தானாக எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். வயரை நேராக டி.வி.க்குக் கொடுக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் கணக்குப் போடும். அக்கா ஒரு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். மைக்கில் குரல் கொடுத்தால் கறுப்பு வெள்ளை டி.வி.யில் பதினாறு தூண்கள் எழும். 'ஊ' என்றால் இடப்பக்கம், 'ஸ்' என்றால் வலப்பக்கம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவையாவது பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருப்பார். ஒரு தடவைகூட அது எழாமல் இருந்ததில்லை.

ஒன்று மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 'ஆ' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால்தான் தூண்கள் எழும். அளந்து பார்த்தோம். முக்கால் நொடி. "கொஞ்சம் பிந்துதேக்கா" என்றேன். "வந்துருதுல்ல?" என்றார். ஆமாம், வந்துவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். இதை அவர் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். எனக்கும் இரண்டு காது இருந்தது.

போர்டை ஒரு பெட்டிக்குள் பொருத்திப் பள்ளியில் கொண்டுபோய் வைத்தோம். பிள்ளைகள் மைக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்கே இரண்டு தடவை கரண்டு போனது, இரண்டு தடவையும் பெட்டி தானாக எழுந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அவர் அப்படி எடுத்தது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு மாதம் கழித்து சிஸ்டரிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும், அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

ஞாயிறு என்பது பெற்றோர் வந்து பார்க்கிற நாள். நாங்கள் போனபோது வாசலுக்கு உள்ளே மம்சாபுரத்திலிருந்து வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். கையில் ஒரு காராச்சேவுப் பொட்டலம். அவருடைய மகள் மாரி, ஏழு வயது, கட்டடத்திலிருந்து ஓடிவந்தாள். வந்து அவருக்கு முன்னால் நின்று, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தாள். எதற்கோ காத்திருப்பது போல நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் உதட்டை இன்னும் இறுக்கினாள்.

"முன்னாடியெல்லாம் அப்பாவப் பாத்தா 'ஆ'ன்னு கத்திக்கிட்டுதான் ஓடியாருவா. ரோடு வரைக்கும் கேக்கும்" என்றார் சிஸ்டர். "இப்ப ஒரு மாசமா இப்படித்தான். பெட்டி முன்னால நின்னாலும் இதேதான். இவ மட்டுமில்ல, இன்னும் மூணு பிள்ளைக. இவதான் ரொம்ப."

வகுப்புக்குள் போய்ப் பெட்டியைப் போட்டோம். மாரி மைக்குக்கு முன்னால் போய் உதட்டை மூடிக்கொண்டு டி.வி.யைப் பார்த்தாள். திரை இருட்டாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை 'ஆ' என்றது, வாயை மூடியது. அதற்குப் பிறகு தூண்கள் எழுந்தன. மாரி அந்தப் பிள்ளையின் மூடிய வாயைக் காட்டினாள், திரையைக் காட்டினாள், எங்களைப் பார்த்தாள். பார்த்தீர்களா, சரியாகத்தானே செய்கிறேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அக்கா அந்தப் பிள்ளையை மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவைக்குப் பிறகு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வாய மூடுனா வெளிச்சம் வரும்னு படிச்சிருக்கா தம்பி."

"முக்கால் நொடிதானக்கா. நாம எத்தன தடவ பாத்தோம். நமக்கு ஒண்ணும்…"

"நமக்குக் காது கேக்குது. சத்தம் எப்ப வந்துச்சுன்னு நமக்குத் தெரியும், வெளிச்சத்துக்குப் பொறுத்துக்கிட்டோம். அவளுக்கு அந்த வெளிச்சம்தான சத்தம்? வாய மூடுனாத்தான் அப்பாவுக்குக் கேக்கும்னு நிக்கிறா."

மாரியின் அப்பா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்ன புரிந்ததோ தெரியாது. உள்ளே வந்து, கோபமெல்லாம் இல்லாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

"எம்புள்ள சத்தத்த என்ன செஞ்சீக?"

அக்காதான் எழுந்து நின்றார். "தப்பு எங்களோடதுய்யா. பெட்டிய நான்தான் தப்பாப் பாத்து எடுத்துட்டேன்."

"பேசுவான்னு நான் கேக்கல தாயி. இருந்தத மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பினோம். அதற்கு அடுத்து நாலு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பவும் எனக்குத் தைரியம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து அழுகிறாரோ என்று நினைத்தேன். பெங்களூர்க்காரருக்குக் கடிதம் எழுதி, அந்த வேகமான போர்டைத் தவணையில் கொடுப்பீர்களா என்று கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். தூக்கமே இல்லை. அந்தப் பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கையில் ஒரு நோட்டும், பேண்டேஜ் கம்பெனியில் வாங்கிய ஒரு கட்டுப் பஞ்சும். வந்ததும் நோட்டை என் மேஜையில் போட்டார். அதில் பதினாறு தூண்களை வரைந்து, பதினைந்தைக் கோடு போட்டு அடித்திருந்தார். குரல் எவ்வளவு பலம் என்று மட்டும் காட்டுகிற ஒரே ஒரு தூண். "அழகு பாத்துதான் கெட்டோம். கணக்கக் கொறச்சா இதே போர்டு பிந்தாம ஓடும். போர்டு மேல குத்தமில்ல."

பஞ்சு எதற்கு என்று கேட்டேன். காதில் வைத்து அடைத்துக்கொண்டு சோதிக்கத்தான். ஆனால் அரை மணி நேரத்தில் தானே குரல் கொடுத்தால் சரிப்படாது என்று கண்டுபிடித்துவிட்டார். காதை அடைத்தால் தன் குரல் மண்டைக்குள் இன்னும் பெரிதாகக் கேட்கிறதாம். ஆகவே குரல் கொடுப்பது எங்கள் ஆட்களில் ஒருவர், அக்காவுக்கு முதுகுப் பக்கம் நின்றுகொண்டு. அக்கா காதில் பஞ்சடைத்து, அதன் மேல் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியால் தலையைச் சுற்றிக் கட்டு, கண் திரையில். குரல் கேட்கும்போதெல்லாம் நான் திரைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். என் கையும் தூணும் ஒன்றாக எழ வேண்டும், ஒன்றாக விழ வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்த ராஜு வீட்டம்மா, தலைக்கட்டோடு அக்காவைப் பார்த்துவிட்டு எங்கே அடிபட்டது என்று பதறிப்போனார். மூன்று வாரம் இதே கூத்துத்தான். என் கை முந்துகிறது என்று தினமும் திட்டு வாங்கினேன். கடைசியில் தூண்தான் என் கைக்குக் காத்திருக்காமல் எழத் தொடங்கியது.

பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனோம். மாரியை மட்டும் கூப்பிட்டார்கள். அக்கா அங்கேயும் பஞ்சை அடைத்துத் தலைக்கட்டும் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் டி.வி.க்குப் பக்கத்தில், கை தயாராக.

மாரி மைக்கைப் பார்த்தாள். உதட்டை மூடினாள். திரை இருட்டு. இன்னும் இறுக்கி மூடினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. ஒன்றும் இல்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் ஒன்றும் காட்டவில்லை, காட்டக் கூடாது என்று அக்கா முன்னமே சொல்லியிருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். மூடுவதும் பார்ப்பதுமாக இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. போதும் என்று சிஸ்டர் சொல்ல வாயெடுத்தார்.

அப்போது அந்தப் பிள்ளைக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பெட்டியை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, வாயைத் திறந்து கத்தினாள்.

தூண் திரையின் உச்சிக்குப் போனது. மாரி சட்டென்று நிறுத்தினாள். தூண் விழுந்தது. அவள் அசையாமல் அதைப் பார்த்தாள். பிறகு மெல்ல, நம்பாமல், வாயை மட்டும் கொஞ்சம் திறந்து 'ஆ' என்றாள். சின்னதாக எழுந்தது. நிறுத்தினாள். விழுந்தது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

"தம்பி, கைய ஏன் தூக்கல?" அக்கா பின்னாலிருந்து பலமாகக் கேட்டார். அவருக்குத் தூண் மட்டும்தான் தெரிந்தது. "சத்தம் வருதா இல்லியா?"

நான் கையைத் தூக்க மறந்து நின்றிருந்தேன். தூக்கினேன். கண்ணைத் துடைக்கவும் இன்னொரு கை வேண்டியிருந்தது. அவர் கட்டை அவிழ்த்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மாரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த இன்னொரு சிஸ்டர்தான் காதைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, "போதும்மா, நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

"செத்த நேரம் கத்தட்டும் சிஸ்டர்" என்றார் அக்கா.